அவனைச் 'சைக்கோ' என்று எழுதாதீர்கள்: திரைக்கதை எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் சினிமாவுக்குக் கதை, திரைக்கதை, வசனம் எழுதும் அத்தனை பேருக்கும் வணக்கம்.

ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் 11 வருடமாக உளவியலாளராக வேலை பார்க்கிறேன். படம் பார்ப்பது அதைவிடப் பழைய பழக்கம். த்ரில்லர் வந்தால் முதல் வாரத்திலேயே போய்விடுவேன், நல்ல வில்லன் கிடைத்துவிட்டால் ஒரு மாதத்துக்கு அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன். அதனால் இதைச் சினிமா பிடிக்காத ஒருத்தியின் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன வருடம் ஓர் அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையனுக்கு 22 வயது. காதில் குரல் கேட்கிறது, பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான், மூன்று மாதமாக ஒழுங்காகத் தூங்கவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு மனச்சிதைவு நோய் என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார். பையன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மா என் மேஜைப் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, "மேடம், இவன் எங்களக் கொன்னுடுவானா?" என்று கேட்டார். மகளை ராத்திரி தனி அறையில் வைத்துப் பூட்டுகிறாராம். இதுவரை யாரையாவது அடித்திருக்கிறானா என்று கேட்டேன். இல்லை. மிரட்டினானா? இல்லை, பயந்துபோய் மூலையில்தான் உட்கார்ந்திருக்கிறான். அப்புறம் ஏன் பூட்டுகிறீர்கள்? "படத்துல சைக்கோன்னா அப்படித்தானே மேடம் வர்றான்."

அந்தப் பதிலுக்காகத்தான் இந்த மடல்.

முதலில் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் சைக்கோசிஸ் என்று ஒன்று இருக்கிறது, சைக்கோபதி என்று இன்னொன்று இருக்கிறது. இரண்டுக்கும் தொடக்கம் மட்டும்தான் ஒன்று. சைக்கோசிஸ் வந்தவருக்கு எது நிஜம், எது தன் மனம் உண்டாக்கியது என்று பிரித்துப் பார்க்க முடியாது. இல்லாத குரல் கேட்கும், நடக்காத சதி நடப்பதாகத் தோன்றும், அந்த அம்மாவின் மகனுக்கு வந்த மனச்சிதைவில் நடப்பதும் இதுதான். அது ஒரு நோய், மாத்திரை உண்டு, பெரும்பாலானவர்களுக்குக் குறைகிறது. சைக்கோபதி உள்ளவனுக்கோ எல்லாம் தெளிவாகத் தெரியும். எதிரில் இருப்பவருக்கு வலிக்கும் என்பதும் தெரியும், அது அவனைத் தொடுவதில்லை, அவ்வளவுதான். நாம் இரண்டையும் வெட்டிச் சுருக்கி 'சைக்கோ' என்று ஒரே சொல்லாக்கி, அதை வசனத்திலும் போஸ்டரிலும் போட்டுவிட்டோம்.

இந்தக் குழப்பத்தை நாம்தான் உண்டாக்கினோம் என்று சொல்லமாட்டேன். 1960-ல் ஹிட்ச்காக் எடுத்த 'சைக்கோ' படத்தின் நார்மன் பேட்ஸைப் பாருங்கள். செத்துப்போன அம்மாவின் குரலில் தானே பேசுகிறான், அம்மாவின் உடையைப் போட்டுக்கொள்கிறான், கடைசியில் ஒரு மனநல மருத்துவர் வந்து இவன் மனதுக்குள் அம்மா முழுதாகக் குடியேறிவிட்டாள் என்று விளக்குகிறார். எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் அவன் சைக்கோபத் இல்லை, மனம் உடைந்துபோன ஆள். ஆனால் அந்தப் படத்துக்கு அப்புறம் உலகம் முழுக்கக் கத்தி எடுத்தவனெல்லாம் சைக்கோ ஆகிவிட்டான்.

சரி, அப்படியானால் நீங்கள் எழுத நினைக்கும் வில்லன் யார்? ஈவு இரக்கம் இல்லாமல், குற்ற உணர்வே இல்லாமல், மனிதர்களைப் பொருள் மாதிரி கையாள்கிறவன்தானே? அதற்குப் பக்கத்தில் வரும் மருத்துவப் பெயர் சமூக விரோத ஆளுமைக் கோளாறு. தமிழில் இந்தப் பெயருக்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பேப்பரில் 'சமூக விரோதிகள்' என்றால் ரவுடிகள். காலேஜ் பசங்களோ "நான் கொஞ்சம் ஆன்டி சோஷியல்" என்று சொல்வார்கள், கூட்டம் பிடிக்காது, தனியாக இருப்பேன் என்ற அர்த்தத்தில். இந்தக் கோளாறு இரண்டும் இல்லை. கூச்ச சுபாவத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது, பார்க்கப்போனால் இவர்களில் சிலர் கூட்டத்தில் எல்லாரையும் விட நன்றாகப் பேசுவார்கள்.

அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் டி.எஸ்.எம். என்ற கையேட்டில்தான் இதன் அளவுகோல் இருக்கிறது. இந்தப் பெயரில் 1980-ல் வந்த மூன்றாம் பதிப்பில் சேர்ந்தது. ஏழு குணங்களைச் சொல்கிறது: திரும்பத் திரும்பச் சட்டத்தை மீறுவது, பொய்யும் ஏமாற்றும், யோசிக்காமல் பட்டென்று செய்வது, எரிச்சலும் அடிதடியும், தன் உயிரையோ அடுத்தவர் உயிரையோ பொருட்படுத்தாமை, வேலையிலும் கடனிலும் பொறுப்பின்மை, செய்ததற்கு வருந்தாமை. இவற்றில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஆள் 18 வயது தாண்டியிருக்க வேண்டும், 15 வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறு, அதாவது விதிகளையும் அடுத்தவர் உரிமையையும் திரும்பத் திரும்ப மீறும் போக்கு, தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னும் ஒரு நிபந்தனை. மனச்சிதைவோ, அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோயோ இருக்கும் காலத்தில் மட்டும் இந்தக் குணங்கள் தெரிந்தால் இந்தப் பெயரை வைக்கக் கூடாது என்கிறது கையேடு. அந்த அம்மாவின் மகனும் உங்கள் வில்லனும் ஒன்றல்ல என்று அந்தப் புத்தகமே கோடு போட்டுப் பிரித்திருக்கிறது.

இதை ஒரு வில்லனை வைத்துப் பேசினால்தான் புரியும். பெல்ஜியத்தைச் சேர்ந்த சாமுவேல் லெய்ஸ்டெட், பால் லின்கோவ்ஸ்கி என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 400 படங்களை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து 126 பாத்திரங்களைப் பொறுக்கி, இவர்களில் யார் நிஜமான சைக்கோபத் மாதிரி இருக்கிறார் என்று ஆராய்ந்து 2014-ல் கட்டுரை எழுதினார்கள். நிஜத்துக்கு மிக அருகில் இருப்பவர்களில் அவர்கள் குறிப்பாகச் சொன்னது 2007-ல் கோயன் சகோதரர்கள் எடுத்த 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' படத்தின் ஆன்டன் ஷிகுர். ஹாவியர் பார்டெம் நடித்து ஆஸ்கர் வாங்கிய பாத்திரம். உங்களில் பலர் பத்துத் தடவை பார்த்திருப்பீர்கள், நானும்தான்.

அவனை அந்த ஏழு குணங்களோடு வைத்துப் பாருங்கள். சட்டம், சொல்லவே வேண்டாம், படம் தொடங்கியதுமே ஒரு போலீஸ்காரரைக் கைவிலங்கால் நெரித்துக் கொல்கிறான். ஏமாற்று? அந்த போலீஸ் காரிலேயே போய் வழியில் ஒருவரை நிறுத்தி, அமைதியாக இறங்கச் சொல்லி, மாடு வெட்டும் இடத்தில் பயன்படுத்தும் கருவியை நெற்றியில் வைக்கிறான். அடுத்தவர் உயிரைப் பொருட்படுத்தாமை? காயத்துக்கு மருந்து எடுக்க வேண்டும், அதற்காக நடுத்தெருவில் ஒரு காரைக் கொளுத்தி வெடிக்க வைத்துவிட்டு, எல்லாரும் அங்கே ஓடும்போது மருந்துக்கடைக்குள் போய் வேண்டியதை எடுத்துக்கொள்கிறான். வருத்தம் துளிகூட இல்லை. ஆக நான்கு தேறிவிட்டது. ஆனால் பட்டென்று செய்வது? அவன் ஒவ்வொரு அடியும் யோசித்து வைக்கிறவன். எரிச்சலும் அடிதடியும்? குரல்கூட உயர்வதில்லை. பொறுப்பின்மை? சொன்ன சொல்லைக் காப்பாற்றியே தீருவேன் என்று ஒரு பெண்ணைத் தேடிப் போகிறான்.

அப்புறம் பெரிய ஓட்டை, அவன் சிறுவயதைப் பற்றிப் படம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. 15 வயதுக்கு முன்னால் என்ன செய்தான் என்று தெரியாமல் எந்த மருத்துவரும் அவனுக்குச் சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்று எழுத முடியாது. கையேட்டின்படி ஷிகுர் தேறவில்லை, ஆனால் சைக்கோபதியை ஆராய்ந்தவர்களோ அவனைத்தான் அச்சு அசல் என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பது இங்கேதான் தெரிகிறது. கையேடு பெரும்பாலும் நடத்தையை எண்ணுகிறது. சைக்கோபதியோ உள்ளே இருக்கும் குளிர்ச்சியைச் சேர்த்துப் பார்க்கிறது. கனடாவின் ராபர்ட் ஹேர் உருவாக்கிய அளவுகோலில் 20 அம்சங்கள், மொத்தம் 40 மதிப்பெண், 30-ஐத் தொட்டால் சைக்கோபத் என்று வட அமெரிக்காவில் எடுத்துக்கொள்கிறார்கள். சமூக விரோத ஆளுமைக் கோளாறு உள்ள எல்லாரும் அந்த 30-ஐத் தொடுவதில்லை, சிறையில்கூடச் சிறு பகுதிதான் தொடும்.

நாணயக் காட்சியைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பெட்ரோல் பங்க் பெரியவரிடம் நாணயத்தைச் சுண்டி, பூவா தலையா சொல் என்கிறானே, அந்தக் காட்சியை எல்லாரும் விதி, தலைவிதி என்று பேசுகிறார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. வருந்தாமை என்ற குணத்துக்குக் கையேடு கொடுக்கும் விளக்கத்தில், செய்ததற்கு ஒரு நியாயம் கற்பித்துக்கொள்வதும் சேர்த்திதான். ஷிகுர் பழியை நாணயத்தின் தலையில் கட்டுகிறான். நான் கொல்லவில்லை, நாணயம் சொன்னது. இதே கணக்கைச் சாதாரண வார்த்தைகளில் நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் தெரியுமா? "அவ வாய மூடியிருந்தா நான் ஏன் மேடம் அடிக்கப்போறேன்?" படத்தின் கடைசிப் பக்கம் கார்லா ஜீன் என்ற பெண் பூவும் சொல்லமாட்டேன் தலையும் சொல்லமாட்டேன், நாணயம் ஒன்றும் முடிவு செய்யவில்லை, நீதான் செய்கிறாய் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். நாணயம் வந்த வழியில்தான் நானும் வந்தேன் என்று மறுபடியும் நாணயத்தையே இழுக்கிறான். வெளியே வந்து பூட்ஸுக்கடியில் ரத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறான். இவ்வளவு நுணுக்கமாக எழுத முடிகிறது, படத்தில் சிலர் அவனைப் பைத்தியம் என்றாலும் அந்தச் சொல்லை வைத்து அவனை விளக்க வேண்டியிருக்கவில்லை.

நம்மிடமும் இருக்கிறது. 2015-ல் வந்த 'தனி ஒருவன்' படத்தில் அரவிந்த் சுவாமி நடித்த சித்தார்த் அபிமன்யு. பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போதே, கட்சித் தலைவர் செய்த கொலையைத் தான் செய்ததாக ஒப்புக்கொள்கிறேன் என்று பேரம் பேசி, அதற்கு விலையாக அப்பாவுக்கு எம்.எல்.ஏ. சீட் கேட்கிறான். அந்த ஒரு காட்சி போதும், அவன் யார் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. (ஒரு சம்பவத்தை வைத்து நடத்தைக் கோளாறு என்று எழுதிவிட முடியாது, திரும்பத் திரும்ப நடந்திருக்க வேண்டும். அது மருத்துவர் கவலை, உங்கள் கவலை இல்லை.) வளர்ந்து விஞ்ஞானி ஆகிறான், ஊர் கொண்டாடுகிறது, பின்னால் இருந்து மலிவு விலை மருந்து ஏழைகளுக்குப் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்கிறான். கண்ணை உருட்டவில்லை, தனியாகச் சிரிக்கவில்லை, இருட்டறையில் பொம்மை வெட்டவில்லை. வள்ளுவர் கயமை அதிகாரத்தை 'மக்களே போல்வர் கயவர்' என்றுதான் தொடங்குகிறார், பார்த்தால் மனிதர் மாதிரியே இருப்பார்கள் என்று. 1941-ல் அமெரிக்க மருத்துவர் ஹெர்வி கிளெக்லி சைக்கோபதி பற்றி எழுதிய புத்தகத்துக்கு வைத்த பெயரும் தெளிந்த மனம் என்ற முகமூடி என்ற பொருளில்தான். கயவன் என்ற சொல் நம் கையில் இருக்கும்போது, ஒரு நோயாளியின் பெயரை இரவல் வாங்கி வில்லனுக்கு வைக்க வேண்டிய அவசியம் என்ன?

எனக்கு ஆகாத இன்னொன்று, முன்கதை. இரண்டாம் பாதியில் ஒரு கறுப்பு வெள்ளை ஃபிளாஷ்பேக் வரும். சின்ன வயதில் அவனை அவமானப்படுத்தினார்கள், ஒரு பெண் ஏமாற்றினாள், அதனால் அவன் பெண்களைக் கொல்கிறான். 1978-ல் 'சிகப்பு ரோஜாக்கள்' காலத்திலேயே வில்லனின் சிறுவயதுக் காயத்துக்குப் பெண்கள்தான் காரணம். 40 வருடம் கழித்து 2018-ல் வந்த 'ராட்சசன்' படத்திலும் உடலில் இருந்த ஒரு நோயால் பள்ளியில் கேலிக்கு ஆளான பையன்தான் கொலைகாரன் ஆகிறான். இரண்டும் கைதேர்ந்தவர்கள் எடுத்த படங்கள், இரண்டையும் நான் நகம் கடித்துக்கொண்டுதான் பார்த்தேன். ஆனாலும் சொல்கிறேன், அந்தக் கணக்கு தப்பு. சிறுவயதுக் கொடுமைக்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பு உண்டு, மரபணுவுக்கும் பங்கு உண்டு, ஆனால் ஒன்று நடந்தால் இன்னொன்று நடந்தே தீரும் என்று இல்லை. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சிகிச்சைக்கு வந்த 524 பிள்ளைகளை 30 வருடம் கழித்துத் தேடிப்பிடித்துப் பார்த்து 1966-ல் புத்தகம் எழுதினார். சிறுவயதில் சமூக விரோத நடத்தை இருந்த பிள்ளைகளிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் வளர்ந்தபின் அப்படி ஆகவில்லை. கேலி செய்யப்பட்ட பிள்ளையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அவர்கள் கொலைகாரர்கள் ஆவதில்லை, தாழ்வு மனப்பான்மையோடு என்னிடம் வருகிறார்கள். முகத்தில் தழும்போ உடலில் குறையோ உள்ள ஒரு பிள்ளை தியேட்டரில் உட்கார்ந்து உங்கள் ஃபிளாஷ்பேக்கைப் பார்க்கும் என்பதை எழுதும்போது கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் ஒரு மறுப்புதான் அத்தனை கொலைக்கும் வேர் என்று காட்டுவதைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுதலாம்.

நிஜத்தில் இந்தக் கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் கொல்வதில்லை. பெண்களை விட ஆண்களிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். அவர்கள் தாமாக ஆஸ்பத்திரிக்கு வருவதும் அபூர்வம், வருவது அவர்கள் வீட்டுப் பெண்கள், தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று. பேசப் பேசத்தான் ஆள் வெளியே வருவான். ஒரே வீட்டுக் கதையைச் சொல்லவில்லை, பல வீட்டில் கேட்டதைச் சேர்த்துச் சொல்கிறேன். கல்யாணமான மூன்றாம் மாதம் தாலிச்செயின் அடகுக்கடைக்குப் போயிருக்கும். கேட்டால் தொழில் ஆரம்பிக்கிறேன் என்பான், தொழில் இருக்காது. மாமனார் கையெழுத்தைத் தானே போட்டு லோன் எடுத்திருப்பான். மாதச் சீட்டுப் பணத்தைத் தெருவில் வசூல் பண்ணி முழுங்கிவிட்டு, அதே தெருவில் நின்று டீ குடித்துக்கொண்டிருப்பான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் திரும்பிப் பார்க்கமாட்டான், ஆனால் ஊர்ப் பஞ்சாயத்தில் அவன் அழுது பேசினால் எல்லாரும் இவளைத்தான் திட்டுவார்கள், இவ்வளவு நல்ல பையனை இப்படிப் பேசுகிறாளே என்று. மாட்டிக்கொண்டால் வெட்கம் இருக்காது, மாட்டிக்கொண்டோமே என்ற எரிச்சல்தான் இருக்கும். இந்த வில்லனை நீங்கள் இன்னும் முழுசாக எழுதவில்லை. இவனிடம் கத்தி கிடையாது, ஆனால் இவனைத் திரையில் பார்த்தால் தியேட்டரில் நூறு பெண்கள் முதுகு சில்லிட்டு உட்காருவார்கள், ஏனென்றால் இவனை அவர்களுக்குத் தெரியும்.

இவனையும் முழு ராட்சசனாக நான் பார்க்கவில்லை. குடி, விபத்து, அடிதடி என்று இவர்களில் நிறையப் பேர் சீக்கிரம் சாகிறார்கள். 40 வயதுக்கு மேல் பலருக்கு வேகம் தணிகிறது. இதைக் குணமாக்கும் மாத்திரை இல்லை, ஆனால் குழுவாக உட்கார வைத்துச் செய்யும் சிகிச்சையை இங்கிலாந்தின் 2009 வழிகாட்டி பரிந்துரைக்கிறது. சிறு பிள்ளையிலேயே கவனித்துப் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தால் இன்னும் பலன் உண்டு. அதையும் எழுதலாம்தானே, சினிமாவுக்கு அதில் கதை இல்லையா என்ன?

சட்டத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நிறையப் படங்களில் கொலைகாரனைக் கடைசியில் மனநல மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அல்லது வக்கீல் "என் கட்சிக்காரர் மனநோயாளி" என்று தப்ப வைக்கப் பார்க்கிறார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-வது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவு, செய்வது என்னவென்றோ அது தவறு என்றோ அறிய முடியாத மனநிலையில் இருந்தவருக்குத்தான் விலக்கு தருகிறது. உங்கள் வில்லனுக்கு எல்லாம் தெரியும். அவன் போக வேண்டிய இடம் சிறை. 12 நாடுகளின் சிறைகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் லான்செட் இதழில் வந்த கட்டுரையில், ஆண் கைதிகளில் 47 சதவீதம் பேருக்குச் சமூக விரோத ஆளுமைக் கோளாறு இருந்தது. சைக்கோசிஸ் இருந்தவர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு.

மனச்சிதைவு உள்ள யாருமே ஒருபோதும் வன்முறையில் இறங்குவதில்லை என்று பொய் சொல்லமாட்டேன். சிகிச்சை இல்லாமல், கூடவே குடியோ போதையோ சேரும்போது ஆபத்து கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. ஆனால் இந்த மண்ணில் யார் யாருக்குப் பயந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்துகொண்டிருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டி வைத்திருந்ததால் அவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. சென்னையில் 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை பிறகு கீழ்ப்பாக்கத்துக்கு மாறி இன்றும் அங்கேயே இருக்கிறது, எத்தனையோ ஆயிரம் பேர் அங்கே குணமாகி வீடு திரும்பியிருக்கிறார்கள், நம் வசனங்களில் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரே ஒரு வசவு.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வில்லனை நல்லவனாக்கச் சொல்லவில்லை, பயத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. போலீஸ் அதிகாரி போர்டில் போட்டோ ஒட்டிவிட்டு "அவன் ஒரு சைக்கோ சார்" என்று சொல்லும் அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் அவன் என்ன செய்தான், எப்படிச் செய்தான் என்று அதிகாரியைப் பேச வையுங்கள், பயம் தானாக வரும். மருத்துவர் பாத்திரம் வைத்தால், நேரில் பார்க்காத ஒருவனுக்கு நோயின் பெயர் சொல்ல வைக்காதீர்கள், நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. ஆன்டன் ஷிகுரைப் பற்றி நான் மேலே பேசியதும் ஒரு கற்பனைப் பாத்திரம் என்பதால்தான்.

அந்த அம்மா தொடர்ந்து வருகிறார். இரண்டு மாதத்துக்கு மாத்திரை சேர்த்து வாங்கிக்கொண்டு போகிறார். பையனுக்குக் குரல் கேட்பது குறைந்திருக்கிறது, ஒரு ஜெராக்ஸ் கடையில் பாதி நாள் வேலைக்குப் போகிறான். மகள் அறையை இன்னும் பூட்டுகிறாரா என்று கேட்டேன். சில நாள் பூட்டுவதாகச் சொன்னார்.

அடுத்த கதையை எழுதத் தொடங்கும் முன்னால், உங்கள் ஊர் அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒரு நாள் காலையில் போய், டாக்டரிடம் சொல்லிவிட்டு, அந்த பெஞ்சில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். எட்டு மணிக்கே வரிசை ஆரம்பித்துவிடும்.

அன்புடன்,
உங்கள் படங்களுக்கு முதல் வாரமே டிக்கெட் எடுக்கும் ஓர் உளவியலாளர்